ஓட்டல் வேலைக்கு ஏன் ஆள் வருவதில்லை?

கேள்வி: கிருஷ்ணகிரியில் 40 பேர் உட்காரும் சைவ ஓட்டல் நடத்துகிறேன். வயது 58. 13 வயதில் டேபிள் துடைக்கச் சேர்ந்து, சப்ளையராகி, பிறகு சொந்தக் கடை போட்டவன். கொரோனாவுக்கு முன்பு என்னிடம் 22 பேர் இருந்தார்கள். இப்போது 13 பேர். சாப்பாடும் தங்கும் இடமும் கொடுத்து, சப்ளையருக்கு மாதம் 14,000 ரூபாய் தருகிறேன். மாதம் 2 நாள் லீவு. காலை 5.30 முதல் 11 வரை, 12 முதல் 4 வரை, மாலை 6 முதல் 10.30 வரை வேலை. எல்லா ஓட்டலிலும் இதுதான் நேரம். விளம்பரம் கொடுத்தாலும் ஆள் வருவதில்லை. வந்தவர்களும் மூன்று மாதம் தாண்டுவதில்லை. நூறு நாள் வேலை, இலவச அரிசி, மகளிருக்கு ஆயிரம் ரூபாய், இலவச பஸ் எல்லாம் சேர்ந்து மக்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டன என்கிறேன். தப்பு நம் பக்கம்தான் என்கிறான் என் மகன். என் சப்ளையரின் தம்பி ஓசூர் பக்கம் தொழிற்சாலையில் கையில் 15,000 வாங்குகிறான். வெறும் ஆயிரம் ரூபாய் அதிகத்துக்காக அண்ணனும் போகிறேன் என்கிறான். ஒடிசாவிலிருந்து 8 பேரைக் கொண்டுவருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். ஆதார் கார்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்கிறார். போன மாதம் தோசை மாஸ்டர் ஒருவர் 30,000 ரூபாய் அட்வான்ஸுடன் போய்விட்டார். போலீசில் புகார் கொடுக்கலாமா? தினம் சுமார் 35,000 ரூபாய் விற்பனை. என்ன செய்யட்டும்?

பதில்: ஐயா, உணவகங்களுக்கு வரவு செலவுக் கணக்கும் தொழிலாளர் சட்டமும் பார்த்துத் தருவது என் தொழில். உங்கள் கடிதத்தில் உள்ள பிரச்சினையோடு வராத முதலாளி இன்று அபூர்வம். ஆனால் நீங்கள் எழுதியதுபோல வேலை நேரத்தை ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறவர்கள் குறைவு. விடை அந்த வரியில்தான் இருக்கிறது.

5.30 முதல் 11 வரை ஐந்தரை மணி நேரம். 12 முதல் 4 வரை நான்கு. 6 முதல் 10.30 வரை நாலரை. ஆக நாளுக்கு 14 மணி நேரம். மாதத்தில் 28 நாள் என்றால் 392 மணி நேரம். 14,000 ரூபாயை அதால் வகுத்தால் மணிக்கு 36 ரூபாய்கூட முழுதாக வரவில்லை. சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் தாராளமாக 5,000 ரூபாய் சேர்த்துக்கொண்டாலும் மணிக்கு 48, 49 ரூபாய்தான். தொழிற்சாலைக்குப் போன தம்பியின் கணக்கு வேறு. நாளுக்கு 8 மணி, மாதத்தில் 26 நாள் என்று வைத்தால் 208 மணி நேரம். 15,000 ரூபாய்க்கு மணிக்கு 72 ரூபாய். அண்ணன் ஆயிரம் ரூபாய்க்காகப் போகவில்லை. மாதத்துக்கு 184 மணி நேரத்தைத் திரும்பப் பெறுவதற்காகப் போகிறான். ஊரில் திருவிழா என்றால் போய் நிற்கவும், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும், ஞாயிற்றுக்கிழமை தூங்கவும் அவனுக்கு நேரம் வேண்டும். அதே சம்பளத்துக்கு அந்த நேரத்தைக் கொடுக்கும் இடம் பஸ் தூரத்தில் வந்துவிட்டது.

உங்கள் மாவட்டத்தில் இது மற்ற ஊர்களைவிடக் கடுமையாகத் தெரியும். ஓசூர் பக்கம் மின்னணுத் தொழிற்சாலைகளும் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளும் ஆள் எடுத்துக்கொண்டே இருக்கின்றன. போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலை வந்திருக்கிறது. இவர்கள் கிராமத்து வாசலுக்கே கம்பெனி பஸ் அனுப்புகிறார்கள். கேன்டீன் இருக்கிறது, பிஎஃப் இருக்கிறது, வார விடுமுறை இருக்கிறது. ஆள் பிடிப்பதில் உங்களுக்குப் போட்டி எதிர்வரிசை ஓட்டல் இல்லை, அந்தப் பஸ்தான்.

நீங்கள் சொன்ன காரணங்களைத் தட்டிக் கழிக்க மாட்டேன். ஓட்டல் முதலாளிகள் கூடும் இடத்திலெல்லாம் இவைதான் பேச்சு. ஒவ்வொன்றையும் கணக்கில் வைத்துப் பார்ப்போம்.

நூறு நாள் வேலை 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அந்தச் சட்டம் சொன்னது ஊரகக் குடும்பம் ஒன்றுக்கு, ஆளுக்கு அல்ல, ஆண்டுக்கு 100 நாள். 2024-25இல் தமிழ்நாட்டில் அதன் கூலி நாளுக்கு 319 ரூபாய். நூறு நாளும் முழுதாகக் கிடைத்தால் ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் 31,900 ரூபாய். உங்கள் சப்ளையர் வருடத்துக்கு 1,68,000 வாங்குகிறார். 31,900க்காக 1,68,000ஐ விட்டுப் போகிறவன் யார்? தமிழ்நாட்டில் இந்த வேலைக்குப் போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஏரிக்கரையில் பார்த்தால் வயதானவர்களும் நிறையத் தெரிவார்கள். இரவு பத்தரை வரை உங்கள் கடையில் சாம்பார் வாளி தூக்க வந்திருக்கக்கூடியவர்கள் அவர்கள் இல்லை.

இலவச அரிசி 2011 ஜூனில் தொடங்கியது. அதற்கு முன்பே கிலோ 2 ரூபாய், 1 ரூபாய் என்று கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அரிசிதான் காரணம் என்றால் 2012இலேயே உங்கள் கடை காலியாகியிருக்க வேண்டும். கொரோனா வரை 22 பேர் இருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆனாலும் உங்கள் பேச்சில் ஓர் உண்மை இருக்கிறது. ரேஷன் அரிசியும் ஆயிரம் ரூபாயும் யாரையும் வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார வைக்கவில்லை. பிடிக்காத வேலையை வேண்டாம் என்று சொல்லி, வேறு வேலை கிடைக்கும்வரை இரண்டு வாரம் பொறுத்திருக்கும் தெம்பைக் கொடுத்திருக்கின்றன. முன்பு அந்த இரண்டு வாரம் அவர்களிடம் இல்லை. பட்டினிக்குப் பயந்து கிடைத்த இடத்தில் சேர்ந்தார்கள், அடித்தாலும் நின்றார்கள். அந்தப் பயத்தை நம்பித்தான் ஓட்டல் தொழிலின் சம்பளமும் நேரமும் பல தலைமுறையாக அமைந்திருந்தன. பயம் போய்விட்டது. அது போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஒரு கணம் யோசித்தால் உங்களுக்கும் இருக்கும் என்று நம்புகிறேன்.

இதே வாக்குவாதம் 2021இல் அமெரிக்காவில் நடந்தது. கொரோனாவில் வேலையிழந்தவர்களுக்கு அந்நாட்டு மத்திய அரசு வாரத்துக்கு 300 டாலர் கூடுதலாகக் கொடுத்தது. உணவகங்களோ ஆளில்லாமல் தவித்தன. அரசு காசு கொடுத்துக் கெடுக்கிறது என்றார்கள் முதலாளிகள். ஏறக்குறைய பாதி மாநிலங்கள் அந்த உதவியைக் கெடுவுக்கு முன்பே நிறுத்தின. நிறுத்திய இடங்களில் உதவியை இழந்தவர்களில் எட்டுக்கு ஒருவர் என்ற அளவில்தான் ஆகஸ்டு தொடக்கத்துக்குள் கூடுதலாக வேலைக்குப் போனார்கள் என்று பொருளியலாளர்கள் கணக்கிட்டார்கள். மற்றவர்கள் கைக்காசு இல்லாமல் செலவைச் சுருக்கினார்களே தவிர ஓட்டலுக்குத் திரும்பவில்லை. உணவகச் சம்பளம்தான் ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறியது. ஊர் வேறு, நிலைமை வேறு. ஆனால் உதவியை நிறுத்தினால் ஆள் வந்துவிடும் என்ற எண்ணத்தைச் சோதித்துப் பார்த்த இடம் அது.

நீங்கள் பட்டியலில் சேர்க்காத காரணங்கள்தான் பெரியவை. நீங்கள் 13 வயதில் டேபிள் துடைக்கச் சேர்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்துத் தமிழ்நாட்டு ஓட்டல்கள் உங்களைப் போன்ற சிறுவர்களின் கையால்தான் ஓடின. மழையில்லாத மாவட்டங்களிலிருந்து சட்டையும் நிக்கருமாக வந்து, இலை எடுத்து, டம்ளர் கழுவி, பெஞ்சுக்கு அடியில் படுத்தவர்கள். அவர்களில் கெட்டிக்காரர்கள் சப்ளையரானார்கள், மாஸ்டரானார்கள், சிலர் உங்களைப்போல முதலாளியானார்கள். 2006 அக்டோபர் 10ஆம் தேதி முதல் ஓட்டல், தாபா, டீக்கடைகளில் 14 வயதுக்குட்பட்டவர்களை வைப்பது குற்றமானது. அதற்கு முன்பே சத்துணவும் பள்ளிக்கூடமும் அந்தப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டன. இன்று அந்த வயதுப் பையன் எட்டாம் வகுப்பில் இருக்கிறான். அவன் அண்ணன் பாலிடெக்னிக்கிலோ கலைக் கல்லூரியிலோ இருக்கிறான். 2021-22 கணக்கில் தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேர்பவர்கள் விகிதம் 47 சதவீதம். நாடு முழுவதற்கும் அது 28 சொச்சம். வீட்டுக்கு ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை என்று ஆகி ஒரு தலைமுறை கடந்துவிட்டது. ஐந்தாவது பிள்ளையை ஓட்டலுக்கு அனுப்பி வைக்கும் வீடு இப்போது இல்லை.

அதாவது, தொழில் தனக்கு வேண்டிய ஆட்களைச் சிறுவர்களாகப் பிடித்துத் தயாரித்த வழி அடைபட்டுவிட்டது. அதற்குப் பதிலாக வேறு வழியை நாம் உண்டாக்கவில்லை. சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் அரசு ஓட்டல் மேலாண்மைக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே படிப்பவர்களின் கண் நட்சத்திர ஓட்டல் மீதும் கப்பல் மீதும் வளைகுடா மீதும் இருக்கிறது. கிருஷ்ணகிரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தோசைக்கல் முன் நிற்க யாரும் அங்கே படிப்பதில்லை. நல்ல தோசை மாஸ்டர் இன்று உண்மையிலேயே அரிது. அந்த ஒரு விஷயத்தில் ஆள் பஞ்சம் என்ற சொல்லை முழுதாக ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஓட்டலில் வேலை என்றால் பெண் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். சாப்பிட்ட இலையையும் தட்டையும் எடுக்கும் வேலையோடு சாதி இழிவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாடிக்கையாளர் முன்பாகக் கல்லாவிலிருந்து ‘டேய்’ என்று கூப்பிடும் பழக்கம் பல கடைகளில் இன்னும் இருக்கிறது. இருபத்திரண்டு வயதுப் பையன் உணவு டெலிவரிக்குப் போகிறான். அங்கே பெட்ரோல் அவன் செலவு, வண்டி அவன் கடன், விழுந்தால் பார்ப்பார் இல்லை. நல்ல வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஊரார் முன்னால் அவனைத் திட்ட முதலாளி பக்கத்தில் இல்லை. களைத்துப்போனால் செயலியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அதற்காகவே நம் பையன்கள் போகிறார்கள்.

இந்தத் தலைமுறைக்கு உழைக்க மனமில்லை என்ற உங்கள் ஆதங்கம் புரிகிறது. நீங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதற்கு ஒரு காரணம் இருந்தது: பத்துப் பதினைந்து வருடத்தில் ஒரு சின்னக் கடையாவது போட்டுவிடலாம் என்று அன்று கணக்குப் போட முடிந்தது. இன்று உங்கள் சப்ளையர் கடை அட்வான்ஸையும் வாடகையையும் விசாரித்துப் பார்த்திருப்பார். 14,000 சம்பளத்திலிருந்து அங்கே போய்ச் சேரும் பாதை அவருக்குத் தெரியவில்லை. எங்கும் கொண்டு போய்ச் சேர்க்காத வேலைக்கு 14 மணி நேரத்தை யார் கொடுப்பார்கள்?

இனி செய்ய வேண்டியது.

சம்பளத்தை உயர்த்துவதிலிருந்து தொடங்காதீர்கள். 14,000ஐ 16,000 ஆக்கினால் பக்கத்துக் கடைக்காரர் 16,500 கொடுப்பார். நேரம் 14 மணியாகவே இருக்கும். மூன்று மாதத்தில் அதே இடத்தில் நிற்பீர்கள். முதலில் நேரத்தைக் குறையுங்கள். வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதுதான் சட்டத்தின் வரம்பு. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி. உங்கள் ஆட்கள் லீவு இல்லாத வாரத்தில் 98 மணி நேரம் வேலை செய்கிறார்கள். எல்லா ஓட்டலிலும் இதுதான் நேரம் என்பது தொழிலாளர் அதிகாரியிடம் எடுபடாது.

வார விடுமுறை கொடுத்தால் கடை நடத்த முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போது மாதம் 2 நாள் லீவு கொடுக்கிறீர்கள். வாரம் ஒரு நாள் என்றால் மாதம் 4 நாள். கூடுதல் 2 நாள். 13 பேருக்கு 26 நாள். அது ஓர் ஆள் ஒரு மாதம் பார்க்கும் வேலை. எல்லோருக்கும் வார விடுமுறை கொடுக்க உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு கூடுதல் ஆள். செலவு உங்கள் அரை நாள் விற்பனையைத் தாண்டினால் சற்றே தாண்டும். அந்த ஆள் எல்லா வேலையும் ஓரளவு தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். மாஸ்டர் லீவு எடுக்கும் நாளில் தோசைக்கல்லில் யார் நிற்பது என்ற கேள்விக்கு விடை, ஆர்வமுள்ள சப்ளையர் ஒருவரை இப்போதே கல்லுக்குப் பழக்குவது. மாஸ்டர்கள் தொழிலைச் சொல்லிக்கொடுக்கத் தயங்குவார்கள். சொல்லிக்கொடுத்து ஆள் தேறினால் மாஸ்டருக்கு ஒரு தொகை என்று நீங்களே அறிவித்துவிடுங்கள்.

அடுத்து, 14 மணி நேரத்தை உடைப்பது. இன்று மாலை 4.30 மணிக்கு உங்கள் ஆட்கள் தங்கியிருக்கும் அறைக்கு ஒரு முறை ஏறிப் பாருங்கள். நான்கு மணிக்கு மேல் கடையைக் கழுவிவிட்டு, ஒரே குளியலறைக்கு வரிசையில் நின்று, துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு ஒருவர் படுக்கும்போது மணி ஐந்தாகியிருக்கும். ஐந்தே முக்காலுக்கு மீண்டும் கூப்பிடுவார்கள். நீங்கள் கணக்கில் ஓய்வு என்று எழுதுவது அவர்களுக்கு அரைத் தூக்கம். தோசை மாஸ்டரின் கெண்டைக்காலைப் பார்த்தால் நரம்பு சுருண்டு புடைத்திருக்கும். காலை ஐந்தரை மணி நேரம் ஒரே இடத்தில், அனல் முகத்தில் அடிக்க நின்ற கால் அது. கடைகளில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டம் திருத்தினார்கள். உங்கள் அடுப்படியில் ஓர் உயர்ந்த ஸ்டூல் போடுவதற்குச் சட்டம் வரக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டு அணியாகப் பிரியுங்கள். ஓர் அணி காலை 5.30 முதல் 2.30 வரை, மற்றது 1 மணி முதல் இரவு 10 வரை. இடையில் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் ஒரு மணி நேரம் போக எட்டு மணி நேரம் வேலை. மதியக் கூட்ட நேரத்தில் ஒன்றரை மணி நேரம் இரண்டு அணியும் சேர்ந்து இருப்பார்கள். இரவுக் கடை அரை மணி முன்னால் மூடும். பில் மெஷினில் மணி வாரியாக விற்பனை எடுத்துப் பாருங்கள். பத்து மணிக்கு மேல் வரும் பில்லுக்காக 13 பேரை விழித்திருக்க வைப்பது கட்டுபடியாகிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

13 பேரோடு இரண்டு அணி போட முடியாது. 16, 17 பேராவது வேண்டும். இரண்டு பக்கமும் வேலை செய்தால் இது முடியும். ஒரு பக்கம் வேலையைக் குறைப்பது. அதே மெஷினில் பண்டம் வாரியாகவும் எடுங்கள். உங்களைப் போன்ற கடைகளில் பாதிக்கு மேல் பண்டங்கள் பெயருக்குத்தான் பலகையில் இருக்கும். விற்பனை இட்லி, தோசை, பொங்கல், பூரி, பரோட்டா, சாப்பாடு, காபி என்று ஒரு கை விரல்களைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இரவில் ஃப்ரைடு ரைஸும் நூடுல்ஸும் போட மட்டும் தனி மாஸ்டர் வைத்திருந்தால் அந்தப் பகுதி அவர் சம்பளத்தையாவது எடுக்கிறதா என்று பாருங்கள். மதியம் இலை போட்டு அளவில்லாச் சாப்பாடு பரிமாற சப்ளையர்கள் வாளியோடு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தட்டில் அளவுச் சாப்பாடு என்று மாற்றினால் பாதி நடை மிச்சம். வழக்கமாக வருகிற பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். சாதமும் குழம்பும் கேட்டால் மறுபடி உண்டு என்று பலகையில் எழுதிவிடுங்கள். தேங்காய் துருவவும் பாத்திரம் கழுவவும் இயந்திரம் போட முடிந்தால் போடுங்கள். ஆள் நிற்காத வேலைகளில் முதலிடம் பாத்திரம் கழுவுவது.

மறுபக்கம், புதிய ஆட்கள். இங்கேதான் உங்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பெண்களை எடுங்கள். உங்கள் கடிதத்தில் 13 பேரில் ஒரு பெண்கூட இருப்பதாகத் தெரியவில்லை. ஓட்டல் அடுப்படிக்குப் பெண்கள் சரிவர மாட்டார்கள் என்பது வெறும் பழக்கம். 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகங்களில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள்தான் தினமும் மலைபோல இட்லி அவிக்கிறார்கள். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் காலை உணவு சமைப்பதும் அவர்கள்தான். நீங்கள் திட்டும் இலவச பஸ் உங்களுக்குத்தான் உதவப் போகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பத்துக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிராமத்திலிருந்து ஒரு பெண் கைக்காசு செலவில்லாமல் உங்கள் கடைக்கு வந்து போகலாம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு 9.30க்கு வந்து 3.30க்குப் போகும்படி ஒரு நேரம் வையுங்கள். காய் நறுக்குவது, சாப்பாட்டுச் சமையல், மதியப் பரிமாறல், பார்சல் கட்டுவது ஆகிய நான்கும் அந்த நேரத்துக்குள் அடங்கும். தங்குமிடம் தர வேண்டியதில்லை. ஆனால் தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வருகிற தனிக் கழிப்பறையும், உடை மாற்ற ஒரு மறைவிடமும் முதலில் கட்டியாக வேண்டும். அது இல்லாமல் பெண்களைக் கூப்பிடாதீர்கள். குடித்துவிட்டு வரும் வாடிக்கையாளரோ உடன் வேலை செய்பவரோ தவறாக நடந்தால் நீங்கள் யார் பக்கம் நிற்பீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். உங்கள் சிரமம் தெரியாதவன் இல்லை நான். எண்ணெய், பருப்பு, வணிக சிலிண்டர் எல்லாம் ஏறுகின்றன; 5 சதவீத ஜிஎஸ்டியில் வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது; டெலிவரி நிறுவனங்களின் கமிஷன் வேறு. இதற்கு நடுவில் இட்லி விலையை ஏற்றினால் ஊரே பேசும். என்றாலும், தினம் 35,000 விற்பனை என்றால் மாதம் பத்தரை லட்சம். சராசரியாக 6 சதவீதம் விலை ஏற்றினால், கூட்டம் குறையாமல் இருந்தால், 63,000 ரூபாய் வரும். கூட்டம் கொஞ்சம் குறையும், பத்து மணிக்கு மேல் வந்த விற்பனையும் போகும் என்று வைத்து 45,000 என்றே கொள்ளுங்கள். நிறுத்திய பண்டங்களின் செலவும், ஏஜென்டுக்கும் ஓடிப்போகும் அட்வான்ஸுக்கும் இறைத்த காசும் அதோடு சேரும். மூன்று நான்கு பேருக்கு அது போதும். 40 ரூபாய் தோசைக்கு 43 கொடுக்க மறுக்கிற வாடிக்கையாளர், தோசைக்கு அரை மணி நேரம் காத்திருக்கவும் மறுப்பார். ஆளில்லாமல் இழக்கும் விற்பனையை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. சாப்பாட்டுக்கு நியாயமான விலை கொடுக்க மறுத்துக்கொண்டே, சேவை மோசம் என்று புலம்பும் நம் ஊர் வாடிக்கையாளருக்கும் இந்தப் பிரச்சினையில் பங்கு உண்டு. முதலாளியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை என்பதை உங்கள் மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

ஒடிசாவிலிருந்து ஆள் கொண்டுவருவதில் தவறில்லை. அதுவே தீர்வு என்று நினைப்பதுதான் தவறு. அவர்களுக்கும் கைபேசி இருக்கிறது. ஓசூர்த் தொழிற்சாலையில் என்ன தருகிறார்கள் என்று உங்களுக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். ஒரே ஊரிலிருந்து எட்டுப் பேரை எடுத்தால் எட்டுப் பேரும் ஒரே ரயிலில் ஊருக்குப் போவார்கள். 2023 மார்ச்சில் வட மாநிலத்தவரைத் தாக்குவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது எத்தனை கடைகள் ஒரே இரவில் காலியாயின என்பது நினைவிருக்கும். இரண்டு மூன்று பேராக, வெவ்வேறு இடத்திலிருந்து எடுங்கள். வருடத்தில் ஒரு முறை ஊருக்குப் போக முறை வைத்து லீவும் ரயில் டிக்கெட்டும் கொடுங்கள். அதே வேலைக்கு உள்ளூர் ஆளுக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தை அவர் கணக்கிலேயே போடுங்கள், ஏஜென்ட் கையில் அல்ல. தொழிலாளர் துறையின் இணையதளத்தில் அவர்கள் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

ஆதார் கார்டை வாங்கி வைக்காதீர்கள். நகல் எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பிக் கொடுங்கள். இப்போது யாருடைய கார்டாவது உங்கள் மேஜை இழுப்பறையில் இருந்தால் இன்றே கொடுத்துவிடுங்கள். கார்டைப் பிடித்துவைத்து, அட்வான்ஸும் கொடுத்து, போக விடாமல் வேலை வாங்கினால் அது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் போய் நிற்கும். சட்டத்தை விடுங்கள்; ஊர் பேர் தெரியாத இடத்தில் ஒருவனின் அடையாளத்தைப் பிடுங்கி வைப்பது, 13 வயதில் தனியாக ஊர் விட்டு வந்த உங்களுக்குத் தகாது.

நீங்கள் கேட்காமலே ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உங்களுக்கு ஆபத்து இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஓட்டலுக்கு ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு கட்டாயம். மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்கள் அதில் வருவார்கள். 14,000 ரூபாய்க்கு உங்கள் பங்கு 3.25 சதவீதம், 455 ரூபாய். தொழிலாளி பங்கு 105 ரூபாய். கொதிக்கும் சாம்பார் காலில் கொட்டினால் சிகிச்சையும், வேலைக்கு வர முடியாத நாட்களுக்கு ஒரு பங்கு சம்பளமும் அதிலிருந்து கிடைக்கும். பிஎஃப் 20 பேர் இருந்தால் கட்டாயம். இப்போது 13 பேர்தானே என்று இருந்துவிடாதீர்கள். 22 பேர் இருந்த காலத்திலேயே உங்கள் கடை அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. பின்னால் எண்ணிக்கை குறைந்தாலும் பொறுப்பு தொடரும். ஆய்வு வரும்வரை காத்திருக்காமல், பழைய சம்பளப் பதிவேடுகளோடு ஒரு தொழிலாளர் சட்ட ஆலோசகரிடம் போங்கள். கையில் வாங்கும் பணம் குறையும் என்று ஆட்கள் மறுப்பார்கள். பிடித்தம் ஆகிற அளவுக்கு முதல் மாதம் சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் வீட்டில் பெருமையாகச் சொல்வது பிஎஃப் உண்டு என்பதைத்தான்; பெண் வீட்டார் கேட்பதும் அதைத்தான். ஒவ்வொருவருக்கும் பெயர், வேலை, நேரம், சம்பளம், விடுமுறை எழுதிய நியமனக் கடிதமும் கொடுங்கள். அதிலேயே மேலே ஏறும் படியையும் எழுதலாம்: இரண்டு வருடம் நின்றால் இன்ன சம்பளம், கல் பழகினால் இன்ன சம்பளம், கல்லா பார்க்கத் தெரிந்தால் இன்ன சம்பளம்.

கடைசியாக, 30,000 ரூபாயோடு போன தோசை மாஸ்டர். போலீசுக்குப் போக வேண்டாம். வேலைக்கு முன்பணம் கொடுத்து ஆள் நிற்காமல் போவது பெரும்பாலும் சிவில் தகராறாகத்தான் பார்க்கப்படும். அழைத்து வந்தாலும் அவர் முதலில் சொல்லப்போவது உங்கள் வேலை நேரத்தைப் பற்றித்தான். அவர் கடைசியாக வேலை செய்த நாட்களுக்குச் சம்பளம் பாக்கி இருந்தால் அதை அட்வான்ஸில் கழித்து, மீதியை எழுதி, தெரிந்தவர் மூலம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். தரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த மாஸ்டருக்குப் பெரிய அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கேட்டால் ஒரு மாதச் சம்பளத்துக்குள், இருவரும் கையெழுத்திட்ட தாளில், மாதம் எவ்வளவு பிடிப்பீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். அவரைச் சேர்ப்பதற்கு முன்பு, போனவர் ஏன் போனார் என்று அவருக்குப் பக்கத்தில் நின்று மாவு கரைத்துக்கொடுத்த பையனிடம் தனியாகக் கேளுங்கள். அவன் சொல்வதைக் கேட்டபிறகு நேரத்தையும் சம்பளத்தையும் முடிவு செய்யுங்கள்.